மேல் வரிசைக் குழல்கள்

என் கணவன் ஈலர்ட், தேவாலய ஆர்கனின் குழல்களுக்குக் குரல் வைப்பவன். பட்டறையிலிருந்து வரும் குழல் முதலில் சீறும், கரகரக்கும், சிலது வாயே திறக்காது. அதன் உதட்டை மயிரிழை அளவு நிமிர்த்தி, அழுத்தி, ஒழுங்காகப் பேசவைக்க வேண்டும். அவன் அறை மாதிரி இருக்கும் ஆர்கனின் வயிற்றுக்குள் நிற்பான். நான் வெளியே உட்கார்ந்து வாசிக்கும் கட்டையை அமுக்கிப் பிடித்திருப்பேன். அவன் "அடுத்தது" என்றால் அடுத்த கட்டை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் குடித்தனம். கட்டை பிடிப்பவள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது தொழில் வழக்கம். எனக்கோ வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது.

போன குளிர்காலத்தில் தேநீர் ஊற்றும்போதுதான் சந்தேகம் தட்டியது. எங்கள் ஊரில் கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர். கற்கண்டு மெல்லியதாக வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஈலர்ட் தவறாமல் தலையை ஆட்டுவான். ஒருநாள் ஆட்டவில்லை. மறுநாளும் ஆட்டவில்லை. காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். காது போனால் நீ பேசுவது கேட்காதே, அந்தப் பாக்கியம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றான். கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை. காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் எந்தச் சபையும் அவனை வேலைக்குக் கூப்பிடாது. அது இருவருக்கும் தெரியும். அதனால் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வில்டர்சும் ஊர்த் தேவாலயத்து ஆர்கனைப் பழுதுபார்க்கும் வேலை முடியும் கட்டம். ஞாயிற்றுக்கிழமை பரிசோதகர் ரெடல்ஃப் வந்து வாசித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். கீழ்க்குழல்கள் தங்கமாக வந்தன. நடு வரிசையும் அப்படியே. கடைசியாக மேல் வரிசை, சுண்டுவிரலைவிடச் சின்னக் குழல்கள். ஒன்றன் கட்டையை அமுக்கினேன். வெறும் காற்றாகச் சீறியது, சுரமே இல்லை. உள்ளேயிருந்து "அடுத்தது" என்றான்.

நான் கையை எடுக்கவில்லை. மறுபடி சொன்னான். அப்போதும் எடுக்கவில்லை. கெஷே, தூங்கிட்டியா என்று சத்தம் போட்டான். நான் பிடித்த கட்டையைப் பிடித்தபடியே இருந்தேன். உள்ளே அவன் கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது பேசுதா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. காத்துதான் வருது."

"முந்தினது?"

"அதுவும்தான்."

சின்னக் கதவைத் திறந்து வெளியே வந்தான். பாவி மனுஷன், முகம் வெளிறிப்போயிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரெடல்ஃபுக்குப் போன் போட்டு, வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்தத் தேவாலயத்தின் குளிரில் முழங்கால் தேய வேலை பார்த்தது எவனோ வந்து முடித்துவைக்கவா?

"ஏப்ரனைக் கழட்டு. நான் உள்ள போறேன், நீ கட்டையப் பிடி" என்றேன்.

அந்தக் கதவு அவன் உடம்புக்குச் செய்தது, என் இடுப்புக்கு அல்ல. அவன் பின்னாலிருந்து தள்ளினான். தள்ளும்போதே சிரித்துவிட்டான். போகட்டும், சிரிப்பாவது வந்ததே.

முதல் குழலை நான் கெடுத்தேன், பூனைக்குட்டி மாதிரிக் கத்தியது. என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டான், சொன்னேன். உதட்டை வெளியே இழுத்துவிட்டாய், திரும்ப உள்ளே தள்ளு, ரொம்பத் தள்ளாதே என்றான். அடுத்தது கெட்டிலில் ஆவி வருவது மாதிரி என்றேன். அதற்கு ஒரு வைத்தியம் சொன்னான். வெறுங்கையால் தொடாதே, சூடேறினால் சுருதியும் ஏறிவிடும், ஆறவிட்டுக் கேள் என்றான். நடுவில் இரண்டு சண்டை வந்தது. ஒன்றில் நான் சரி, இன்னொன்றில் அவன் சரி. இப்படியே ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

ஆகக் கடைசிக் குழலும் பேசியது. எப்படி இருக்கிறது என்று வெளியேயிருந்து கேட்டான். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளேயே நின்று அழுதேன். அவன் விரலடியில் எழுகிற ஒலி அவனுக்கே கேட்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெடல்ஃப் வந்தார், கீழிருந்து மேல்வரை வாசித்தார். மேல் வரிசையை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். ஈலர்ட், இவ்வளவு இனிமையாக நீங்கள் இதுவரை வைத்ததே இல்லை என்றார். வாயைத் திறக்காதே என்று நான் அவன் காலை மிதித்தேன்.

"அது நான் வெச்சதில்ல. மேல் சுரமெல்லாம் எனக்கு இப்ப கேக்கறதில்ல" என்றான் ஈலர்ட். "காது அவளோடது. கையும் அவளோடதுதான்."

ரெடல்ஃப் என்னை ஒருமுறை பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வார்த்தை சீக்கிரம் வராது. இருவருக்கும் கைகொடுத்தார், ஆர்கனை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார், போய்விட்டார்.

வண்டியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். தானாக வந்த புகழைத் தட்டிவிடுகிற மடையன் உன்னைத் தவிர உண்டா, இந்தச் சேதி நாளைக்கே எல்லாச் சபைக்கும் போய்விடும், இனி யார் கூப்பிடுவார்கள் என்று பொரிந்து தள்ளினேன்.

"உன்னைக் கூப்பிடுவாங்க" என்றான்.

"நல்லா கூப்பிடுவாங்க. நான் உள்ள போயிட்டா வெளிய யாரு உக்கார்றது?"

வண்டியைக் கடலணை ஓரமாக நிறுத்தினான். ரோட்டைப் பார்த்தபடியே, "கட்டை பிடிக்க என்னை வெச்சுக்க மாட்டியா?" என்று கேட்டான்.

பைத்தியக்காரன். இதைக் கேட்கத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

"உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்றேன். முதல் தடவை அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பி, சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.