யம்னாவின் தண்ணீர் முறை

"அடி வாங்கின கழுதை மாதிரி காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுங்க செடியெல்லாம். நீ சொன்னபடியே ஆயிடுச்சு. வந்து பாரேன், இன்ஜினியரம்மா."

மேல் வரப்பிலிருந்து யம்னா கூப்பிட்டபோது சிஹாம் மடைக்கல்லைப் புரட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அது யம்னாவின் தண்ணீர். இன்று மதிய லுஹர் பாங்கிலிருந்து பிற்பகல் அஸர் பாங்கு வரை யம்னாவின் முறை. அவள் வேண்டாம் என்று விட்டிருந்தாள். ஒருவர் விட்ட முறை அடுத்த கீழ்வயலுக்குப் போகும் என்பது இந்த மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து உள்ள வழக்கம். யம்னாவுக்குக் கீழ்வயல் சிஹாமின் வீட்டு வயல். அதற்குக் கீழே வயல் கிடையாது, ஓடைக்கல்லும் முள்ளும்தான்.

ஆகவே இது திருட்டில்லை. ஊரைக் கூட்டிக் கேட்டாலும் திருட்டில்லை என்றுதான் சொல்வார்கள். சிஹாமும் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், யம்னா கூப்பிடும்வரை.

"வரேன்க்கா, கை எல்லாம் சேறு" என்றாள்.

"சேறுன்னா கழுவிக்கோ. தண்ணிதான் கொட்டிக் கிடக்குதே உங்க பக்கம்."

யம்னா இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது என்பதில்லை, நன்றாகவே தெரியும். போன வாரம் கூட்டுறவுச் சங்கத்துக் கூட்டத்தில் ஒருவன், "பொம்பளைக்கு எதுக்கு உரிமம், உன் புருஷன் எங்கே?" என்று கேட்டதற்கு, "ஸ்பெயின்ல இன்னொருத்திக்குப் பாத்திரம் கழுவறான், உனக்கும் அங்க வேலை கேட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு அவனை உட்காரவைத்தவள் அவள். சிஹாமிடம் மட்டும் அந்த நாக்கு வராது. உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது சிஹாம். அரசாங்கம் மருந்துக்கான கஞ்சாப் பயிருக்கு உரிமம் தரத் தொடங்கியபின், இந்தச் சரிவில் தன் பெயரிலேயே உரிமம் வாங்கிய ஒரே பெண் யம்னா. அதுவரை அந்த வயல் புருஷன் பெயர், அதற்குமுன் மாமனார் பெயர். களை பிடுங்கியதும் கதிர் அறுத்ததும் மட்டும் யம்னாவின் கை. இந்த முதல் விளைச்சலைச் சங்கம் தள்ளிவிட்டால் அடுத்த வருடம் உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த வயலுக்காக மச்சினன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறான்.

இதெல்லாம் சிஹாமுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அந்தச் சரிவில் வேறு யாரிடமிருந்து தண்ணீரை எடுத்திருக்க முடியும்? ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்திலேயே ஹாஜி ஆழ்துளைக் கிணறு போட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த குளத்தில் தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கிறார். அவர் போட்ட துளைக்குப்பின் வாய்க்காலில் வருவது பாதிகூட இல்லை. அதைக் கேட்க ஊரில் ஒருவனுக்கும் வாயில்லை. கேட்டால் ஹஜ் போய்வந்த மனிதரைப் பேசலாமா என்பார்கள். சிஹாம் ஒருமுறை போய்க் கேட்டாள். "படிச்ச பிள்ளை, தேநீர் குடிச்சுட்டுப் போம்மா" என்று புதினாத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் அண்ணன் அல்லால் சும்மா இருக்கவில்லை. "தெத்துவான் காலேஜுல போய் அஞ்சு வருஷம் செடியைப் பத்திப் படிச்சியே. தண்ணி இல்லாம வளர்க்கறது எப்படின்னு அங்க சொல்லிக் கொடுக்கலையா?" என்று பீன்ஸ் கஞ்சியில் ரொட்டியைத் தோய்த்தபடி கேட்பான். அவன் தன் படிப்பை விட்டுவிட்டு அவளைப் படிக்கவைத்தவன்.  அவர்கள் வயலின் கடைசி வரிசைகள் கருகத் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் காலை, வாய்க்கால் ஓரத்தில் துணி அலசிக்கொண்டிருந்த யம்னாவிடம் சிஹாம் சொன்னாள்: "அக்கா, பூ விட்டாச்சுல்ல. இனிமே தண்ணியை நிறுத்திடு. தாகம் எடுத்தாத்தான் பிசின் ஏறும்."

யம்னா நிமிர்ந்து பார்த்தாள். "நாட்டு ரகத்துக்கு நாங்களும் அப்படித்தான் செய்வோம். கடைசியில தண்ணி காட்ட மாட்டோம். சீமை ரகத்துக்கும் அதேதானா?"

"அதேதான்."

அவ்வளவுதான் பொய். ஒரு சொல்.

மீதி எல்லாம் உண்மை. பூத்து முடியும் தறுவாயில் தண்ணீரை நிறுத்தினால் செடி தன் பூவைக் காப்பாற்றிக்கொள்ளப் பிசினைக் கூட்டும், சங்கம் விலை கொடுப்பது அந்தப் பிசினுக்குத்தான். சிஹாம் கல்லூரியில் செய்த ஆய்வே அதைப் பற்றித்தான். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அந்த ஆய்வில் இருந்தது. பூவின் வெள்ளை நரம்புகளில் பெரும்பாலானவை பழுப்பேறிச் சுருண்டபிறகு, அறுப்புக்குச் சற்று முன்னால். நாட்டு ரகம் அத்திப்பழம் பழுக்கும்போதே அந்தப் பதத்துக்கு வந்துவிடும். சங்கம் விதை கொடுத்த சீமை ரகம் அப்போதுதான் பூவெடுக்கவே தொடங்கும், அறுப்பு அக்டோபரில். யம்னாவுக்கு நாட்டு ரகத்தின் நாள்தான் தெரியும். சிஹாம் சொன்ன அன்று அவள் செடிகளில் ஒரு நரம்புகூடப் பழுப்பேறவில்லை. பால்போல் வெளுத்து நின்றன.

அன்றைக்கே யம்னா தன் மடையை மண் போட்டு அடைத்துவிட்டாள்.

இப்போது சிஹாம் கையைக் கழுவிக்கொண்டு மேல் வரப்பில் ஏறினாள்.  இந்த வயலை அவள் நாள்கணக்காக ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்தே வந்துகொண்டிருந்தாள்.

மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இலைகள் காம்போடு கீழே மடிந்து, ஓரம் சுருண்டு, சாம்பல் தட்டிப்போயிருந்தன. யம்னா, நூல்குஞ்சம் வைத்த ஓலைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பிள்ளையைக் காட்டுவதுபோல் ஒரு செடியைப் பிடித்துக் காட்டினாள்.

"ராத்திரியெல்லாம் மனசு கேக்கலடி. ஒரு குடம் ஊத்திட்டு வந்துடலாமான்னு எழுந்து எழுந்து உக்காந்தேன். அப்புறம், அந்தப் பொண்ணு படிச்சுட்டு வந்து சொல்லுது, நம்ம இரக்கத்துல கெடுத்துடக் கூடாதுன்னு படுத்துட்டேன். எப்படி, பிசின் ஏறியிருக்கா?"

சிஹாம் ஒரு பூக்கதிரைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒட்டவே இல்லை. காய்ந்த துணியைத் தேய்த்தது போலிருந்தது. கதிரைப் பிளந்து பார்த்தாள். உள்ளே, பூவிதழ்களின் இடுக்கில், மஞ்சளாக ஏதோ இருந்தது. வாழைப்பழச் சீப்பை எறும்பளவுக்குச் சுருக்கி வைத்ததுபோல. அடுத்த செடியில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது.

தாங்க முடியாத தாகத்தில் பெண் செடி தானே ஆண் பூவை விடும். சாவதற்குள் எப்படியாவது விதை வைத்துவிடப் பார்க்கும். அந்த மஞ்சள் வெடித்தால் மகரந்தம் காற்றில் போகும். போகிற இடத்தில் எல்லாம் பூ விதையாகும். விதை விழுந்த சரக்கைச் சங்கம் தொடாது. சாயங்காலக் காற்று மேலிருந்து கீழே அடிக்கும்.

கீழே என் வயல் இருக்கிறது, என்றுதான் சிஹாமுக்கு முதலில் தோன்றியது. யம்னாவின் வயல் அவளுக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. தன் மனம் போன வரிசையைக் கண்டு அவளுக்கே வாய் கசந்தது.

"என்னடி பேச்சைக் காணோம்?"

"ஆண் பூ விட்டிருக்குக்கா."

யம்னாவின் முகம் சட்டென்று மாறியது. கதிரை வாங்கிப் பார்த்தாள். அந்தச் சரிவில் ஆண் செடி என்றால் மானக்கேடு. கோடை தொடங்கும்போது பெண்கள் வரிசை வரிசையாகப் போய் ஆண் செடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். ஒன்றைத் தப்பவிட்டு அண்டை வயல் விதை வைத்தால், அந்த வீட்டுக்காரியைப் பல வருடம் சொல்லிக்காட்டுவார்கள்.

"எல்லாத்தையும் நானேதானே பிடுங்கினேன்" என்றாள் யம்னா மெல்ல. "ஒவ்வொண்ணாப் பாத்துத்தானே பிடுங்கினேன். கண்ணு போச்சா எனக்கு?"

சிஹாம் அடுத்த செடியின் கதிரைப் பிளந்து பார்த்தாள்.

யம்னா இடுப்பில் கட்டிய சிவப்புக் கோடு போட்ட துணியை இழுத்து இறுக்கினாள். குனிந்து, கையிலிருந்த செடியை வேரோடு பிடுங்கினாள். காய்ந்த மண் சுலபமாக விட்டுக்கொடுத்தது. அடுத்ததையும் பிடுங்கினாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"காத்து கிளம்பறதுக்குள்ள முடிக்கணும். உன் வயலு நேர் கீழே இருக்கு. என் கண்ணு அவிஞ்சு போனதுக்கு நீங்க எதுக்கு நாசமாப் போகணும்? நீயும் அந்தப் பக்கத்திலேருந்து வா. எதுல மஞ்சள் இருக்கு, எதுல இல்லைன்னு பார்த்துக்கிட்டு நிக்காதே, எல்லாத்தையும் பிடுங்கிடு."

"எல்லாத்தையுமா?"

"பின்னே? உங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இன்னொரு செடி. இன்னொன்று. இடுப்பளவு உயரத்துக்கு அவள் வளர்த்துவிட்ட செடிகள். சிஹாம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அத்துடன் எல்லாம் முடிந்திருக்கும். அவள் வயல் பிழைத்திருக்கும். யம்னாவின் முறைத் தண்ணீரும் இனி சிஹாமுக்கே. யம்னா அவளிடம் மன்னிப்பும் கேட்டிருப்பாள், கையில் ஒரு கூடை அத்திப்பழத்தோடு.

"நிறுத்துக்கா" என்றாள் சிஹாம். "நீ எதையும் தப்ப விடல. இதெல்லாம் பெண் செடிதான். தண்ணி இல்லாமத்தான் இப்படி ஆச்சு."

"தண்ணியை நிறுத்தினாப் பிசின்தானே ஏறும்?"

"அது கடைசியில. இது இன்னும் கடைசி இல்ல. சீமை ரகத்துக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு."

"அப்போ நீ தப்பாச் சொல்லிட்டியா?" யம்னா கேட்டபோது குரலில் இரக்கம்தான் இருந்தது. "பரவால்ல, புத்தகத்துல படிக்கிறது ஒண்ணு, மண்ணு ஒண்ணு. நீயும் சின்னப் பொண்ணு."

அந்த வழியும் திறந்து கிடந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அதில் இறங்கிப் போய்விடலாம்.

"தப்பாச் சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன். உன் முறைத் தண்ணி எனக்கு வேணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

யம்னாவின் கையிலிருந்த செடி கீழே விழவில்லை. அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று சிஹாம் எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"ஹாஜிகிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் யம்னா.

"கேட்டேன். தேநீர் கொடுத்தார்."

"நானும்தானே உனக்குத் தேநீர் கொடுத்தேன்."



யம்னா செடியின் வேரில் ஒட்டிய மண்ணை உதறினாள். "எங்கிட்டயே கேட்டிருக்கலாம். ஒரு முறை விட்டு ஒரு முறை எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனா கேட்டிருக்கலாம்." செடியை வரப்பில் வைத்தாள். "படிப்பு இல்லாதவ, என்ன சொன்னாலும் தலையாட்டுவான்னு நினைச்சே. ஆட்டினேன். இனிமே எதுன்னாலும் நான் யார்கிட்டடி போய்க் கேக்கறது?"

சிஹாம் வாய்க்காலுக்கு ஓடினாள். தன் வயலின் மடையை அடைத்தாள். யம்னாவின் மடையில் இறுகிக் கிடந்த மண்ணைக் கையாலேயே பறித்து எறிந்தாள். நகம் பெயர்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் வெடிப்புகளுக்குள் மடமடவென்று இறங்கிக் காணாமல் போனது.

திரும்பி வந்து சொன்னாள்: "மஞ்சள் இருக்கறதை மட்டும் பிடுங்குக்கா. மத்தது பிழைச்சுக்கும். மடையைப் பாதி மட்டும் திறந்து வை, ஒரேயடியாப் பாஞ்சா வேர் அழுகிடும். அறுப்பு அக்டோபர்லதான், அதுக்கு முன்னால கத்தியை எடுக்காதே."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. யம்னா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், சிஹாமின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கி, மேலே ஏறுகிற பாதையில் நடந்தாள்.

"எங்கே போறே?"

"ஹாஜியோட மேஸ்திரியைக் கேட்டுட்டு வரேன்."

ஹாஜியின் வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மேஸ்திரிக்குச் செடியைவிட மோட்டாரைத்தான் நன்றாகத் தெரியும். சிஹாம் அதைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

யம்னா திரும்பி வருவதற்குள் அஸர் பாங்கு கேட்டது. இனி முறை சிஹாமின் வீட்டுக்கு. அல்லால் மண்வெட்டியைத் தோளில் போட்டபடி கீழிருந்து வந்தான். சிஹாம் தங்கள் மடையை அடைத்த கல்மேல் உட்கார்ந்திருந்ததையும், தண்ணீர் மேல்வயலுக்குள் ஓடுவதையும் பார்த்து நின்றான்.

"எழுந்திரு. பாங்கு சொல்லியாச்சு, காதுல விழல?"

"அவங்க முறை பாக்கி இருக்கு."

"அவளே வேண்டாம்னு விட்டுட்டா. விட்டது நமக்குன்னு வழக்கம் இருக்குல்ல?"

"அவங்க விடல. நான் விட வெச்சேன். பொய் சொல்லி."

அல்லால் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்து வயலில் இரண்டு பெண்கள் நிமிர்ந்து நின்றிருந்தார்கள். "மெதுவாப் பேசு. நாலு பேர் காதுல விழப்போகுது. நாளைக்கு உங்கிட்ட எவன் விண்ணப்பம் எழுத வருவான்?"

"வரவேண்டாம்."

"நம்ம கடைசி வரிசை கருகுது, சிஹாம்."

"தெரியும்."

அவன் மண்வெட்டியை ஓங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வெறுங்கையை முகத்தில் தேய்த்துக்கொண்டான். அவனுக்காகவும்தான் அவள் அதைச் செய்தாள். இப்போது அதைச் சொன்னால் பழியை அவன்மேல் தள்ளுவதுபோல் ஆகிவிடும் என்று சொல்லாமல் இருந்தாள்.

யம்னா வந்தாள். இருவரையும் பார்க்காமல் தன் மடைக்குப் போனாள். குனிந்து, ஒரு கல்லை எடுத்து வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். மீதித் தண்ணீர் வாய்க்காலில் கீழே வந்து, அடைத்திருந்த கல்லில் மோதி, சிஹாமின் பாவாடையை நனைத்தது.

"பாதி போதுமாம்" என்றாள் யம்னா, அல்லாலைப் பார்த்து. "மேஸ்திரி சொன்னான்."

பிறகு வயலுக்குள் இறங்கி, முதல் வரிசையிலிருந்து கதிர்களை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்க்கத் தொடங்கினாள். மஞ்சள் இருந்ததைப் பிடுங்கினாள். இல்லாததை விட்டாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, காற்று இன்னும் கிளம்பவில்லை. அவள் ஒருத்தியால் அதற்குள் பாதி வயலைக்கூடப் பார்த்து முடிக்க முடியாது.

சிஹாம் வரப்போரமாக வந்து நின்றாள். "அந்தப் பக்கத்திலேருந்து நான் பாத்துக்கிட்டு வரட்டுமாக்கா?"

யம்னா நிமிரவில்லை.

"உன் அண்ணனை வரச் சொல்லு" என்றாள்.