கண் வண்டிக்குள் அறுபத்திரண்டு பேர்

கண் பரிசோதனை வண்டிக்குள் ஏறிய அறுபத்திரண்டு பேரும் இன்னும் இறங்கவில்லை. வண்டியில் பதினாறு பேர்தான் உட்காரலாம். காலை எட்டு மணியிலிருந்து முன்கதவு வழியாக ஏறினார்கள். பின்கதவு வழியாக இறங்க வேண்டும். மணி பதினொன்றரை ஆகியும் பின்கதவு திறக்கவில்லை.

முகாமை நடத்தியது சுரண்டை நல்லுறவுச் சேவைச் சங்கம். அதன் செயலாளர் செண்பகவல்லி. பதினோரு வருஷமாகத் தெருத் தெருவாகப் போய் ஆள் சேர்ப்பது அவள்தான். "ஊசி கிடையாது, வலி கிடையாது, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லித்தான் இவர்களையும் கூட்டி வந்திருந்தாள். ஜனங்கள் தயங்கக் கூடாதென்று முதல் ஆளாகத் தன் கணவர் இசக்கியப்பனையே ஏற்றிவிட்டிருந்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் காத்திருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எங்க மாமியா எங்க, செயலாளரம்மா? காலைல ஏறுனாவ."

"வந்துருவாவ."

"இதையேதான் ஒம்பது மணிக்கும் சொன்னிய."

அவள் டிரைவரிடம் போனாள். அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு எடுத்துருவேன்" என்றார்.

"உள்ள ஆளுக இருக்காவளே?"

"இருக்கட்டும். அடுத்த ஊர் முகாமுக்கு ஆள் பத்தலைன்னாங்க."

அவள் முன்கதவில் ஏறினாள்.

உள்ளே ஐந்து நிமிடம் நடந்தாள். ஜன்னலில் வேப்பமரம் தெரிந்தது. மேலும் பத்து நிமிடம் நடந்தாள். அதே வேப்பமரம்.

பிறகு அவர்களைக் கண்டாள். அறுபத்திரண்டு பேரும் வரிசையாக நின்று ஒரு கண்ணைக் கையால் பொத்தியிருந்தார்கள். எதிரே எழுத்து அட்டை. டாக்டரம்மா அதன் கடைசி வரியைக் குச்சியால் தொட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றார்கள் எல்லோரும்.

அட்டை ஓரடி பின்னால் போனது. வண்டி ஓரடி நீண்டது.

"தெரியுதா?"

"தெரியுது."

சொல்லிச் சொல்லி இசக்கியப்பனின் குரல் கம்மிப்போயிருந்தது.

"உங்களுக்கு நெசமாவே தெரியுதா?" என்று செண்பகவல்லி அவரிடம் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குமே தெரியல. தெரியலன்னா ஆபரேசன்னு சொல்லிருவாவளோன்னு பயம்."

"இவங்களை விட்டுருங்கம்மா, வண்டி கிளம்பப் போகுது" என்றாள் செண்பகவல்லி.

"தெரியலன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். எழுதி முடிச்சிருவேன்" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்கு எப்படி?"

எஞ்சின் உறுமியது. தரை அதிர்ந்தது.

செண்பகவல்லி இத்தனை முகாம் நடத்தியும் ஒன்றில்கூட அந்த அட்டைக்கு எதிரே நின்றதில்லை. வேலை இருக்கும். அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொள்வாள். இடக்கண்ணில் இரண்டு வருஷமாகப் புகை படர்ந்திருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வலக்கண்ணைப் பொத்திக்கொண்டாள். எதிரே வெறும் வெளிச்சம்.

"தெரியல" என்றாள்.

"எந்த வரி?"

"அட்டையே தெரியல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். பின்கதவு திறந்தது. அது இரண்டு எட்டு தூரத்தில்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். இசக்கியப்பன் படியில் நின்று திரும்பினார்.

"ஏன் என்ட்ட சொல்லல?"

"மொதல்ல நீங்க இறங்குங்க."

அவர் இறங்கினார். அவள் கால் வைக்கும் முன் குச்சி குறுக்கே வந்தது.

"நீங்க உட்காருங்க. உங்களுக்குத்தான் தெரியலயே."

"எவ்வளவு நேரமாகும்?"

"அடுத்த ஊர் வரைக்கும்."

டாக்டரம்மா அவளுடைய இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

செண்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மைதானம் கலங்கிக் கிடந்தது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் பிரிந்து வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார். சட்டை என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை.

அவர் ஓடி வந்த தூரம் முழுவதும் அவள் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.