படுக்கப்போட்ட அருவி

பள்ளிக்கூடத்தில் இக்ராவுக்குக் கப்சா ராணி என்று பேர். பழவேற்காட்டு ஏரியில் திமிங்கிலம் பார்த்தேன் என்று சொல்லி, மூன்றாம் வகுப்புப் பொடிசுகளை ஒரு வாரம் கரைப்பக்கமே அண்டவிடாமல் செய்த புண்ணியவதி. அப்பேர்ப்பட்டவள் இப்போது சுத்தமான உண்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நம்ப ஆளில்லாமல் தவித்தாள்.

வெனிசுலா நாட்டுக் காட்டுக்குள்ளே உலகத்திலேயே உயரமான அருவி இருக்கிறது. ரோடு கிடையாது, ஆற்றில் படகேறித்தான் போகவேண்டும். மேலிருந்து கீழே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் விழுவதற்குள் நிறையத் தண்ணீர் புகையாய்ப் பிரிந்து காற்றோடு போய்விடும்.

மூன்றாம் வகுப்புக்கு இதைப் புரியவைத்தால் நாளைக்கு அறிவியல் விழாவில் மேடை, இல்லையென்றால் இல்லை என்று மேரி மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். மேடைக்காக இக்ரா உயிரையே விடுவாள்.

"எத்தினி பாகம்?" என்றான் மூன்றாம் வகுப்பு ஸ்டீபன். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. தண்ணீர் என்றால் கயிற்றை இறக்கி, கையை விரித்துப் பாகம் பாகமாக ஆழம் பார்க்கத்தான் அவனுக்குத் தெரியும்.

"ஆழம் இல்லடா, ஒசரம்."

"தண்ணிக்கு ஏதுக்கா ஒசரம்? ஆழம்தான்!"

மொத்த வகுப்பும் தலையாட்டியது. இடுப்பளவு ஏரியில் வளர்ந்த பிள்ளைகள், பாவம், தண்ணீர் செங்குத்தாய் எழுந்து நின்று எங்கே பார்த்தார்கள்?

"சரி, விழுற தண்ணி கீழ வராம எங்கதான் போவும்?" என்றான் ஸ்டீபன் மறுபடியும்.

இக்ராவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நிக்கவச்சா தெரியலல்ல? படுக்கப்போட்டுக் காட்டறேன். ஸ்கூல் கேட்டு மலை உச்சி. படகுத்துறை அடிவாரம். நடுவுல சரியா ஒரு கிலோமீட்டர். நீங்கதான் தண்ணி. நான் போய் கீழ நிக்கறேன், மிஸ் விசில் அடிச்சதும் விழுங்க!"

விசில் கேட்டது. முப்பது பொடிசுகளும் கூச்சல் போட்டுக்கொண்டு தெருவில் பாய்ந்தார்கள். கோழிகள் பறந்தன. காயப்போட்ட கருவாட்டைக் காப்பாற்ற ஒரு அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். ஒருத்தி செருப்பு அறுந்து உட்கார்ந்தாள். நாலு பேர் ஆட்டுக்குட்டியின் பின்னால் திரும்பினார்கள். ஐஸ் வண்டி மணியடித்ததும் பாதிக் கூட்டம் அங்கேயே கரைந்தது.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது ரிஸ்வான் என்கிற பொடிசும் இன்னொரு வாண்டும் மட்டும்.

இக்ராவுக்கு அழுகை முட்டியது. போச்சு, மேடை போச்சு! ஸ்கூட்டியில் வந்திறங்கிய மிஸ் வெறும் தெருவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

கடைசியில் ஸ்டீபன் அசைந்து அசைந்து வந்தான். நாக்கெல்லாம் ஆரஞ்சு. துறையில் இறால் விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மா காதைப் பிடித்துத் திருகினாள்.

"உன்ன இன்னா சொல்லி அனுப்புனாங்க? நேரா ஓடியாராம எங்கடா போன?"

"வுடும்மா! ஒரு கிலோமீட்டரு! அம்மாந்தூரம் வுழுந்தா தண்ணியே பாதி வழில காத்தோட போயிடுது, நான் மட்டும் எப்டி முழுசா வருவேன்?"

இக்ரா வாயைப் பிளந்தாள். மிஸ் சிரித்த சிரிப்பில் படகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இக்ராக்காவ வேணா கேளும்மா," என்றான் ஸ்டீபன், காதை விடுவித்துக்கொண்டு. "அவங்க பொய்யே சொல்லமாட்டாங்க."