தடித்த எழுத்தும் பொதுக்குழுவும்

குடியிருப்போர் சங்கச் செயலாளரை ஒரே ஒரு கனவு நெடுநாளாக வாட்டிவந்தது. பொதுக்குழு கூட வேண்டும். அது தம்மை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். போதிய ஆள் சேராமல் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் அவரும் பதவியில் இருந்துகொண்டே இருந்தார். இதற்கு மக்கள் செல்வாக்கு என்று பெயரிடத் தனித் துணிவு வேண்டும். அஃது அவரிடம் தாராளமாக இருந்தது.

மக்கள் வராமைக்குக் காரணம் அறிவிப்புப் பலகையின் மெலிந்த எழுத்தே என அவர் ஆராய்ந்து தெளிந்தார். எழுத்துரு வரைவதையே தொழிலாகக் கொண்ட மருமகள் வீட்டிலேயே இருந்தாள். அவள் அண்மையில் முடித்திருந்த எழுத்துருவில் வட்டமும் நேர்கோடும் அன்றி வேறெதுவும் இல்லை. நுனிகளில் கொக்கியோ வாலோ கிடையாது; ஒவ்வொரு கோடும் தூண்போல் தடித்திருந்தது.

"இது சிமென்ட் மூட்டைக்கு வரைஞ்சது மாமா. ரெண்டு வார்த்தைக்குத்தான் தாங்கும்."

"நம்ம கட்டடமும் சிமென்ட்டுல கட்டுனதுதானேம்மா?"

இத்தகைய தருக்கத்துக்குப் பணிந்து மருமகள் எழுத்துருவைக் கொடுத்தாள்.

அன்று முதல் மாடிப்படியில் மிதிவண்டி நிறுத்தாதீர் என்பதும், மோட்டார் பழுது என்பதும், பூனையைக் காணவில்லை என்பதும் ஒரே முழக்கத்தில் வெளியாயின. பலகை ஓயாது கத்தியது. குடியிருந்தோர் செவிடாகப் பழகிக்கொண்டனர். மிதிவண்டிகள் பெருகின.

"இன்னும் தடிமனா வேணும்மா. பாத்தா பயம் வரணும்."

"எழுத்தோட வயித்துல இருக்கற வெள்ளை அடைஞ்சிடும் மாமா. அப்புறம் படிக்கவே முடியாது."

சமையலறையிலிருந்து செயலாளரின் மனைவியான அத்தையின் குரல் வந்தது: "வீட்டுல நாலு பேரு. அதுலயே உங்க பேச்சைக் கேக்க ஆளில்ல. எழுத்தைக் குண்டாக்கிட்டா ஊரே கேட்டுடுமாக்கும்!"

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "கூட்டம் சேராத வரைக்கும்தான் மாமா நீங்க செயலாளர். யோசிச்சுக்குங்க."

யோசித்தல் அவரது வழக்கங்களுள் ஒன்றன்று. பொதுக்குழு அறிவிப்பு உச்சத் தடிப்பில் அச்சாயிற்று. துளைகள் அடைந்தன, எழுத்தோடு எழுத்து ஒட்டியது. வரிக்கு ஒரு கரிய பாளமாக அத்தாள் பலகையில் ஏறியது.

மாலைக்குள் கட்டடமே பலகையின் முன் திரண்டது.

"என்னங்க இது, யாராவது போயிட்டாங்களா?"

"லிஃப்ட்டை நிறுத்தப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? எவ்ளோ கறுப்பா இருக்கு பாருங்க!"

பொருள் கேட்கச் செயலாளரைத் தேடி வந்தவர்களால் கூட்ட அறை நிரம்பியது. நிற்கவும் இடமில்லை. செயலாளர் கண்கலங்கி, பொதுக்குழு கூடிவிட்டது என அறிவித்தார்.

"அட, இதுக்குத்தானா?" என்றார் கீழ்த்தளத்து நர்ஸ். "வந்ததுதான் வந்துட்டோம், தேர்தலையும் முடிச்சிடலாமே."

"நீங்களே நில்லுங்கக்கா!" என்றது பின்வரிசை.

நர்ஸுக்காகக் கைகள் காடுபோல் உயர்ந்தன. அக்காட்டின் முதல் மரம் அத்தையின் கை. மருமகள் மட்டும், குடும்ப அமைதி கருதி, பாதிக் கை தூக்கினாள்.

மறுநாள் புதிய செயலாளர் தேர்தல் முடிவைப் பேனாவால் பொடியெழுத்தில் எழுதி ஒட்டினார். பழைய செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையை நெருங்கி நின்றார். அக்கட்டடத்தில் ஓர் அறிவிப்பை முதல் வரி தொடங்கிக் கையொப்பம் வரை படித்து முடித்த முதல் மனிதர் என்னும் பெருமை அவரையே சாரும்.