அணைத்தால் எழ வேண்டும்

என் மனைவி மர்ஜா, சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகத் தேர்வில் ஒருமுறை தோற்றவள். வேலை தெரியாமல் இல்லை. அந்தத் தேர்வில் ஒரு குசும்பு உண்டு. நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டுவிட்டுத்தான் திருத்துவார்கள். செய்ததெல்லாம் அப்போதும் ஓடினால்தான் மார்க். இவள் எல்லாவற்றையும் அழகாக ஓடவைத்தாள். அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போதும் ஓடு என்று எழுதிவைக்க மறந்துவிட்டாள். அத்தனை உழைப்பும் போச்சு.

கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பே நகரில் ஒரு காகித ஆலை. அங்கே பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் போனில் பதில் சொல்வதுதான் அவள் வேலை. இப்போது சர்வர் அறைக்கு ஆள் தேவை. சான்றிதழ் இருந்தால் இவளுக்கு, இல்லையென்றால் டொராண்டோவிலிருந்து யாரோ ஒருவன் வருவான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அணைக்கிற பட்டனை அமுக்கத் தெரியும். மறுபடி தேர்வு எழுத வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகிக்கொண்டிருந்தவள் காபி ஊற்றப் போனால் அமுக்குவேன். போன் பேசினால் அமுக்குவேன்.

"யோவ் ரைனோ! உனக்குக் கை சும்மாவே இருக்காதா?"

"கத்தாதடி. எழுந்துச்சா, இல்லையா?"

"எழல! சந்தோஷமா?"

"அப்ப தப்பு உன்மேல. எழுப்பு."

முணுமுணுத்துக்கொண்டே எழுப்புவாள். இரண்டு நாள் என்னோடு பேசாமல்கூட இருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் பாவமாக இருந்தது, அமுக்காமல் விட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், தானே பட்டனை அமுக்கிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தேர்வு முடிந்து வந்து லாரியில் ஏறினாள்.

"என்னடி ஆச்சு?"

"எல்லாம் முடிச்சேன். நேரம் இருந்துச்சு, நானே அணைச்சுப் பார்த்தேன். பாதியில நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"எழும்போது அது படிக்கிற பட்டியல்ல ஒரு டிஸ்க்குக்கு இன்னொரு டிஸ்க்கோட அடையாளத்தை எழுதியிருக்கேன். பழுது பார்க்கன்னே ஒரு பின்வழி இருக்கு, அது வழியா உள்ள போய் மாத்தினேன். மறுபடி அணைச்சேன். எழுந்துச்சு. நம்பிக்கை வரல, இன்னொரு தடவையும் அணைச்சேன்."

"பயமா இல்லையா?"

"நீ வீட்டுல பண்ணாத அநியாயமா?"

மறுநாள் மெயில் வந்தது. பாஸ். யாரிடமும் சொல்லாதே என்றாள். பனி தள்ளப் போன தெருவெல்லாம் சொன்னேன். என் பெண்டாட்டி, நான் ஏன் சொல்லக்கூடாது?

திங்கட்கிழமை ஆலை மேலாளர் அவளிடம் கேட்டாராம்: "என்னைக்காவது நம்ம சர்வர் படுத்துட்டா என்ன செய்வீங்க மர்ஜா?"

"அது படுக்கிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? ஞாயித்துக்கிழமை ஆலை லீவுதானே. நானே அணைக்கிறேன், எந்திரிக்குதான்னு பாருங்க."

மேலாளர் சர்வர் அறைச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாராம்.