தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள்

இரத்மலானை பிஸ்கட் தொழிற்சாலையில் தரத்துக்குப் பொறுப்பு ஐறீன். மா அரிக்கும் இயந்திரத்தின் கம்பி வலை அறுந்து, துண்டு துண்டான கம்பி மாவோடு வெந்து பிஸ்கட்டாகி, பெரிய தகரப் பெட்டிகளில் ஏறிவிட்டது. உலோகம் பிடிக்கும் கருவி கத்தியபிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தனை தகரத்திலும் சிவப்புத் துண்டு ஒட்டினாள். சிவப்பு ஒட்டியதை விற்க முடியாது.

கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தவர் முதலாளி ராமசுப்பிரமணியன். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அன்பளிப்புச் செய்தால் நட்டம் சமூகப்பணியாகும், வரி குறையும், பத்திரிகையில் படமும் வரும். ஐறீன் சிவப்பை உரித்துக் கையெழுத்து வைத்தால் போதும். அவளுடைய வீடும் கொட்டாஞ்சேனைதான். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவளை ‘அன்ரி’ என்று கூப்பிடுகிறவர்கள்.

வெளியே போகும் எதையும் காலைக் கூட்டத்தில் பெரியவர்கள் ருசி பார்ப்பது அங்கே வழக்கம். ஐறீன் அந்தப் பிஸ்கட்டையே தட்டில் அடுக்கி நீட்டினாள்.

“எடுங்கோ சேர்.”

முதலாளி தட்டைப் பார்த்தார். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விரதம்.”

விளம்பரப் பகுதி ஹியூபேட், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவன், “நானும் விரதம்” என்றான்.

“நீங்க எப்ப சைவமானனீங்க?” என்று ஐறீன் கேட்டாள்.

“சேர் தனியப் பசி கிடக்கேலுமா?”

முதலாளி ஒன்றும் கல்நெஞ்சர் அல்லர். “சரி, பிள்ளையள் வேண்டாம். முதியோர் இல்லத்துக்கு அனுப்புவம். அதுகள் தேத்தண்ணியில தோய்ச்சுத்தானே சாப்பிடும்? கம்பி அடியில தங்கிடும்.”

“நான் கையெழுத்து வைக்கமாட்டன் சேர்.”

“பரவாயில்ல மகள். ஹியூபேட் வைப்பார். இண்டையில இருந்து தரமும் அவர்தான்.”

ஹியூபேட் அப்போதே பேனாவைத் தேடினான்.

ஐறீன் கீழே ஓடினாள். லொறிக்காரர் பலீல் தகரங்களை ஏற்ற வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார். தரை கழுவும் குழாயை இழுத்து, தகரங்களின் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாய்ச்சினாள்.

“மிஸ், என்ன செய்றீங்க?”

“கழுவுறன்.”

“பிஸ்கட்டயா?”

பிஸ்கட் ஊறி, கூழாகிப் பொங்கியது. மாடியிலிருந்து முதலாளி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம்தான். அவள் குழாயை விடவில்லை. தண்ணீர் பாதி தகரத்துக்கும் பாதி அவள் சேலைக்கும் போனது.

“நான் ஒண்டும் பாக்கல்ல,” என்று பலீல் வண்டியைவிட்டு இறங்கிக் கடற்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நின்றபடியே மிச்சத் தகரங்களைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.