உங்களுதுதானுங்க

ஒரே ஒரு வார்த்தையால என் நாலு வருஷ உழைப்பு போச்சுங்க. அதுவும் நான் என் வாயால சொன்ன வார்த்தை.

கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டென்டா இருக்கறேன். வருஷா வருஷம் இருக்கற லீவையெல்லாம் ஆவணி மாசத்துல போட்டுட்டு, மேட்டுப்பாளையத்துல பஸ் மாறி, கோத்தகிரிக்கு மேல இருக்கற பைன் காட்டுக்குப் போயிருவேன். அங்க வெட்டுன மரத்தோட அடிக்கட்டை ஒண்ணுல மஞ்சக் காளான் மொளைக்கும். மூணாம் நாள் அது அழுக ஆரம்பிச்சா, மொளகு அளவுல ஒரு கருப்பு வண்டு வந்து அதுல முட்டை வெக்கும். வேற காளான் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. ஈர மண்ணுல குப்புறப் படுத்துக் கெடந்து, இதையெல்லாம் பாத்துப் பாத்து நோட்டுல எழுதுனேன்.

எங்க டிபார்ட்மென்ட் தலைவர் கிருபாசங்கர் சார் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிட்டு, "இது யாருது அம்மணி?"ன்னார்.

"உங்களுதுதானுங்க சார்"னேன்.

இந்த ஊடு யாருதுன்னு கேட்டாக்கூட மரியாதைக்கு நாம அப்படித்தானுங்களே சொல்லுவோம்? அதுக்காகப் பெட்டியைத் தூக்கிட்டு யாராச்சும் குடிவந்துருவாங்களா?

சார் வந்துட்டார். ஆறே மாசத்துல கட்டுரை வெளியாச்சு, கண்டுபிடிச்சவர்னு அவர் பேரு மட்டும். கடைசிப் பக்கத்துல 'உதவிய ஆய்வக ஊழியருக்கு நன்றி'ன்னு ஒரு வரி. யுவஸ்ரீன்னு போட எடமில்லாமப் போச்சாமா?

இந்த ஆவணியில அந்த வண்டைப் பாக்கணும்னு பெங்களூர்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க. கட்டை எங்க இருக்குதுன்னே சாருக்குத் தெரியாது. அதனால என்னையும் ஜீப்ல ஏத்திக்கிட்டார். காட்டுக்குள்ள போனதும், "எங்க அம்மணி அந்தக் கட்டை?"ன்னார்.

"கண்டுபிடிச்சது நீங்கதானுங்களே சார். நீங்களே காட்டுங்க."

வயிறெரிஞ்சுதான் சொன்னேன். அவர் மூஞ்சி சுருங்கும்னு பாத்தா, வந்தவங்க பக்கம் திரும்பிச் சிரிக்கறார். "பாத்தீங்களா, இதுதான் எங்க கொங்குநாட்டு மரியாதை."

கட்டை எனக்குப் பின்னால ரெண்டே எட்டுல, பெரணிச் செடி மறைவுல இருந்துச்சு. காளான் அழுகற வாசம்கூட வந்துச்சு. நான் நின்ன எடத்தை விட்டு நகரல. மழை பிடிக்கற வரைக்கும் மூணு பேரும் தேடித் தேடி ஓஞ்சு போனாங்க.

ஜீப்ல ஏறறப்ப சார் சொன்னார், "அந்த எடத்துக்கு ஒரு மேப் வரைஞ்சு நாளைக்கு என் டேபிள்ல வெச்சுரு அம்மணி."

"சரிங்க சார்"னு மரியாதைக்குச் சொல்லிப்போட்டனுங்க.